ஊட்டிப் பூக்கள் நம் ஊரில் பூக்குமா?

கேள்வி: ஊட்டி தாவரவியல் பூங்காவில் இத்தனை வகைச் செடிகளைக் குளிரில் எப்படிக் காக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பூங்காவிலும் அவற்றை வளர்க்கலாமா?
- வாசகர், மதுராந்தகம்

பதில்: 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பூங்கா சுமார் 55 ஏக்கர். ஒரே சரிவில் மேடு, பள்ளம், நிழல், ஈரம் எல்லாம் இருப்பதால், எந்தச் செடிக்கு எந்த இடம் என்று தேர்ந்து நடுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பெரிய எதிரி உறைபனி. மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போய்விட, கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி இலைகளைக் கருக்கும். அதனால் நாற்றுகளை மாலையிலேயே கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழைகளால் மூடுகிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அதே குளிர்மாதங்களில்தான் மே மாத மலர்க் கண்காட்சிக்கான விதைப்பும் நடக்கிறது. பூக்க அதிக நாளாகும் செடிகளை முதலில் விதைத்தால்தான் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். பார்வையாளர் கண்ணில் படாத இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தக் குளிர்ப்பகுதிப் பூக்களில் டேலியாவை உங்கள் ஊரில் மார்கழி, தையில் தொட்டியில் வளர்த்துப் பார்க்கலாம். கோடைக்கு அது வேண்டாம். நிரந்தரமாக நட மகிழம், புன்னை, பூவரசு, நாகலிங்கம் போதும். ஏரிக்கரை ஈரத்துக்கு நீர்க்கடம்பு மிகப் பொருத்தம். பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரம் அது. முதல் இரண்டு கோடைகளுக்குக் கன்றுகளின் அடியில் சருகு மூடாக்குப் போட்டு, மாலையில் நீர் ஊற்றச் சொல்லுங்கள்.