காவலனுக்கும் காவல்

கணினியைப் பீடிக்கும் தீநிரல்களைக் கண்டு தடுப்பதற்கென அமைந்தது நச்சுநிரல் தடுப்பு மென்பொருள். அக்காவலனே பகைவன் புகும் வாயிலாதல் எங்ஙனம்? அதனை ஈண்டு ஆராய்வாம்.

காவலன் தன்னிடம் வரும் கோப்பு ஒவ்வொன்றையும் உள்நோக்கல் வேண்டும். சுருக்கிய கோப்பாயின் விரித்தல் வேண்டும். விரித்ததை வைத்தற்கு நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்கப்படும். எழுதப்படுவது அவ்விடத்துள் அடங்குமோ என்பதைச் சி, சி++ என்னும் மொழிகள் தாமே சோதிப்பனவல்ல. அது நிரலாளர் கடன். கோப்பு தன் அளவைப் பொய்யாகக் கூற, நிரல் அதனை நம்பின், எழுதப்படுவது எல்லை கடந்து அயலிடத்தை அழிக்கும். அவ்வழிவைத் தன் எண்ணப்படி அமைக்க வல்லவன் கணினியையே ஆள்வான்.

2016ஆம் ஆண்டிற் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் தாவிஸ் ஓர்மண்டி, சைமன்டெக் மென்பொருளில் இத்தகைய வழுவைக் கண்டார். விண்டோசில் அதன் சோதனைப் பகுதி இயங்குதளத்தின் கருவினுள்ளேயே இயங்கியமையால் கேடு பெரிதாயிற்று. மின்னஞ்சலிற் கோப்பு வந்து சேர்தலே போதும். பெறுபவர் திறவாதிருப்பினும் காவலன் திறப்பான். 2017இல், பொருளின் வகையைச் சோதியாமையால் எழுந்த வழுவொன்றை மைக்ரோசொவ்ற் காவல்நிரலில் அவரும் நத்தாலி சில்வனோவிச்சும் கண்டனர். சின்னாளில் அது திருத்தப்பட்டது. 2018இல் அந்நிரலை அதிகாரங் குறைந்த தனியறையில் இயக்கும் வழியும் அமைந்தது.

வேலியே பயிரை மேய்ந்ததென இதனை இகழ்தல் பொருந்தாது. வேலி வஞ்சித்ததன்று, நச்சுப்பொதியை அவிழ்க்குங் கையே நஞ்சுக்கு முதலில் ஆளாகின்றது. ஆதலின், அவிழ்ப்பவனுக்கு அதிகாரங் குறைவாதலும், அவன் கருவி ரஸ்ற் போன்ற எல்லை காக்கும் மொழியில் இயன்றதாதலும் நன்று. நிரல் எழுதப் புகும் மாணாக்கர், அயலார் தரும் அளவை அளந்தறியாது கொள்ளற்க என்பதே நாம் கூறும் பாடம்.