காலடியில் தங்கம், கருவியில் மௌனம்

1980-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்ற சிற்றூருக்கு அருகே உலோகம் கண்டறியும் கருவி ஒன்று ஒலித்தது. தோண்டியபோது 27 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையில் ஒரே தங்கக் கட்டி! ஆனால், தங்கம் நிறைந்த ஒரு கல்லின் மேலேயே கருவியைக் கொண்டு சென்றாலும் சில வேளைகளில் அது வாய் திறப்பதில்லை. ஏன்?

மாணவர்களே, அந்தக் கருவிக்குத் தங்கம் எது, தகரம் எது என்று தெரியாது. அதன் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து சட்டென நிற்கும். அப்போது மாறும் காந்தப்புலம், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் அடங்கும்போது எழும் மெல்லிய காந்தப்புலத்தைத்தான் கருவி ‘கேட்கிறது’. எனவே, எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைவிட, மின்னோட்டம் சுற்றிவர எவ்வளவு பெரிய பாதை இருக்கிறது என்பதே முக்கியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 2 செண்டிமீட்டர் விட்டமுள்ள தூய தங்க உருண்டையின் எடை ஏறக்குறைய 80 கிராம். அதில் சுழல் மின்னோட்டம் அடங்க 500 மைக்ரோ விநாடிக்கும் மேலாகும். அதே 80 கிராமை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1,000 மணிகளாக்கி, குவார்ட்ஸ் கல்லுக்குள் ஒன்றையொன்று தொடாமல் பதித்துவிடுங்கள். குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது. மின்னோட்டம் ஒவ்வொரு மணிக்குள்ளும் தனித்தனியே சுற்றியாக வேண்டும். விட்டம் 10 மடங்கு குறைந்தால் அடங்கும் நேரம் 100 மடங்கு குறையும். அதாவது, சுமார் 6 மைக்ரோ விநாடி! துடிப்பு வகைக் கருவிகள் பலவும், தம் சொந்தச் சுருளின் அதிர்வு ஓய்வதற்காக 10 மைக்ரோ விநாடியாவது காத்திருந்த பிறகே கேட்கத் தொடங்குகின்றன. அதற்குள் தங்கம் பேசி முடித்துவிடுகிறது.

கம்பிபோலவும் இலைபோலவும் கடற்பஞ்சுபோலவும் உருவான தங்கத்துக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, இயற்கைத் தங்கத்தில் பெரும்பாலும் வெள்ளி கலந்திருக்கும். வெள்ளி தங்கத்தைவிடச் சிறந்த கடத்தி; ஆனால் இரண்டும் கலந்தால் கடத்துதிறன் கூடுவதில்லை, வெகுவாகக் குறைகிறது! கலந்த அணுக்கள் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைச் சிதறடிப்பதே காரணம்.

அப்படியானால் உடனே கேட்கும் கருவி செய்தால் என்ன? செய்கிறார்கள். அதிக அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகளும் உண்டு. ஆனால் விக்டோரியாவின் செம்மண்ணில் இரும்புத் தாதுக்கள் அதிகம். கருவியின் செவி கூர்மையாகும்போது மண்ணின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள், கருவி ஒலிக்காவிட்டாலும், துருநிறக் கோடு ஓடும் குவார்ட்ஸ் கல்லைக் கையில் எடுத்து எடை பார்க்கிறார்கள். தங்கம் குவார்ட்ஸைவிட ஏறக்குறைய 7 மடங்கு அடர்த்தியானது. அளவுக்கு மீறிக் கனத்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை வெளியே எடுப்பார்கள்.