ரெண்டு பேர் டைவ் பண்றாங்க, மூணு பேர் பண்ணல: குடும்பத்தோட படகு டூர் போனா யாருக்காக காசு கட்டறோம்?

‘லிவ்அபோர்டு’ங்கற வார்த்தை இப்போ ஆபீஸ் லஞ்ச் டேபிள் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு வாரம் படகுலயே தங்கல், சாப்பாடு, தூக்கம். தினமும் மூணு, நாலு தடவை கடலுக்குள்ள ஸ்கூபா டைவ். மாலத்தீவு, தாய்லாந்து பக்கமெல்லாம் இது பெரிய தொழில். அந்தமான் பயணத்துல டைவிங் பழகினவங்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் இதுதான்.

தனியா போறவங்களுக்கு இதுல பெரிய கணக்கு எதுவும் இல்ல. குடும்பத்தையும் கூட்டிட்டுப் போலாம்னு நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. படகுல காசு தலைக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. டைவ் பண்ணாதவங்களுக்கு கொஞ்சம் தள்ளுபடி உண்டு, ஆனா அது சின்னத் தள்ளுபடிதான். படுக்கை, டீசல், சமையல்காரர், மாலுமின்னு செலவு எல்லாருக்கும் ஒண்ணுதானே.

இதை ஒரு குடும்பத்தை வச்சே பாத்துடலாம். கற்பனைக் குடும்பம்தான், ஆனா நம்ம முசரவாக்கம், காஞ்சிபுரம் பக்கத்துல தெருவுக்கு ஒண்ணு இந்த மாதிரி இருக்கும். அப்பா முப்பது வருஷமா குழித்தறியில உக்காந்து பட்டு நெய்யறவர். அம்மா பாவு, ஊடை வேலைன்னு கூடவே இருந்தவங்க. மகன் ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ்ல போறார், மகள் சிறுசேரியில சாஃப்ட்வேர் வேலை. இவங்க ரெண்டு பேருக்கும் டைவிங் சர்டிபிகேட் இருக்கு. மருமகளுக்கு நீச்சல் தெரியும், டைவிங் தெரியாது. ஆக அஞ்சு பேர்ல டைவ் பண்றவங்க ரெண்டு பேர்.

பிள்ளைங்க ஆசைப்படறதுல தப்பே இல்ல. அப்பா அம்மா வாழ்க்கையில ஊர் சுத்தினதுன்னா திருப்பதி, பழனி, அப்புறம் சொந்தக்காரங்க கல்யாணம். ‘ஒரு தடவையாவது கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்’ங்கறது நியாயமான ஆசைதான். ஆனா அந்தக் காசு யாரோட சந்தோஷத்துக்குப் போகுதுன்னு கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.

முதல் கணக்கு: அஞ்சு பேரும் மாலத்தீவு படகுல

கீழே இருக்கற தொகையெல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. சீசன், படகோட தரம் பொறுத்து நிறைய மாறும். உங்க கையில இருக்கற கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கோங்க. வரி விவரம் மட்டும் நிஜமானது.

ஏழு ராத்திரி பயணம். டைவர் ஒருத்தருக்கு ₹1,70,000, டைவ் பண்ணாதவருக்கு ₹1,50,000. அஞ்சு பேருக்கும் சேர்த்து ₹7,90,000. அடுத்து மாலத்தீவோட பசுமை வரி. 2025 ஜனவரியில இருந்து சுற்றுலாப் படகுகளுக்கு ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 12 டாலர். டாலர் ₹90ன்னு வச்சா அஞ்சு பேருக்கு ஏழு நாளைக்கு ₹37,800. விமான டிக்கெட் தலைக்கு ₹30,000 வீதம் ₹1,50,000. 2024 டிசம்பர்ல மாலத்தீவு புறப்பாட்டு வரியை ஏத்தினாங்க. எகானமி டிக்கெட்லயே விமான நிலையக் கட்டணத்தோட சேர்த்து 100 டாலர் உள்ளே இருக்கு, டிக்கெட் விலை ஏன் இப்படி இருக்குன்னு யோசிச்சீங்கன்னா இதுவும் ஒரு காரணம். டைவிங் உபகரண வாடகை ரெண்டு பேருக்கு ₹40,000. படகு ஊழியர்களுக்கு டிப்ஸ் ₹50,000 (இது கட்டாயமில்லன்னு சொல்வாங்க, ஆனா எல்லாரும் குடுப்பாங்க). இன்சூரன்ஸ் ₹15,000.

மொத்தம் ₹10,82,800.

இதுல ஒரு செலவை நான் சேர்க்கவே இல்ல. படகு கேபின் பெரும்பாலும் ரெண்டு ரெண்டு பேருக்குத்தான் இருக்கும். அஞ்சாவது ஆள், அதாவது மகள், தெரியாத ஒரு பெண் பயணியோட கேபினைப் பகிரணும், இல்லன்னா தனி கேபினுக்கு கூடுதலா கட்டணும். ஒற்றைப்படையில இருக்கற குடும்பங்கள் இதை முதல் மெயில்லயே கேட்டுடுங்க.

ரெண்டாவது கணக்கு: அதே அஞ்சு பேர், அந்தமான் கரையில

இங்க படகுல தங்கறதில்ல. சென்னையில இருந்து ஸ்ரீ விஜய புரம், நம்ம பழைய போர்ட் பிளேர். அங்கிருந்து ஃபெர்ரியில ஸ்வராஜ் தீவு, அதாவது ஹேவ்லாக். ஹோட்டல்ல தங்கி, டைவ் பண்றவங்க மட்டும் டைவுக்குப் போயிட்டு மதியம் சாப்பாட்டுக்கு திரும்பி வந்துடுவாங்க.

விமானம் ₹70,000, மூணு ரூம் ஆறு ராத்திரிக்கு ₹90,000, ஃபெர்ரி ₹20,000, சாப்பாடு ₹42,000. ரெண்டு பேருக்கு தலா 8 டைவ், ஒண்ணு ₹4,000ன்னு ₹64,000. மத்த மூணு பேருக்கு கண்ணாடிப் படகு, ஸ்நார்க்கலிங், வண்டி வாடகைன்னு ₹30,000. இன்சூரன்ஸ் ₹10,000. மொத்தம் ₹3,26,000.

மாலத்தீவு படகுல தினம் மூணு டைவ், ஆறு நாள்னா ஒருத்தருக்கு 18. ரெண்டு பேருக்கு 36. அந்தமான்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து 16. ஆக, கூடுதலா கிடைக்கறது 20 டைவ். கூடுதலா கட்டறது ₹7,56,800. ஒரு கூடுதல் டைவுக்கு ₹37,840!

மாலத்தீவு பவளப்பாறை வேற, அந்தமான் வேறன்னு டைவர்ஸ் சண்டைக்கு வருவீங்க. ஒத்துக்கறேன். மான்டா திருக்கை கூட்டத்துக்கு விலை சொல்ல முடியாதுதான். ஆனா அந்தத் திருக்கையைப் பாக்கப் போறது ரெண்டு பேர். விலையை ஏத்தினது மேல் தளத்துல உக்காந்திருக்கற மூணு பேரோட படுக்கை.

ரெண்டு பயணமாப் பிரிச்சா?

இதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்த இடம். முதல்ல எல்லாரும் அந்தமான் போறாங்க: ₹3,26,000. அதுக்கு அப்புறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சு அண்ணனும் தங்கச்சியும் மட்டும் மாலத்தீவு படகுக்குப் போறாங்க. மேல சொன்ன அதே விலையில ரெண்டு பேருக்கு ₹4,81,120. ரெண்டும் சேர்த்து ₹8,07,120. ஒரே கலப்புப் பயணத்தை விட ₹2,75,680 கம்மி, பயணமோ ரெண்டு.

‘மருமகளை வீட்ல விட்டுட்டு அண்ணன் மட்டும் போறதா’ன்னு கேப்பீங்க. நியாயம். வீட்ல அமைதி வேணுமே. அவங்களையும் டைவ் பண்ணாதவங்க கணக்குல கூட்டிட்டுப் போனா இன்னும் ₹2,00,560 ஆகும். அப்பவும் ரெண்டு பயணத்துக்கும் மொத்தம் ₹10,07,680தான் வருது. அதை விட நல்ல வழி, அந்தமான் போகும்போதே அவங்க ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சுடறது. இல்லன்னா பாண்டிச்சேரியிலயே டைவிங் பள்ளிகள் இருக்கு, காஞ்சிபுரத்துல இருந்து காலையில கிளம்பினா டிபன் நேரத்துக்குப் போயிடலாம்.

ஒரு விஷயம் இங்க. ஹேவ்லாக்ல பயிற்சியாளர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை இறங்கறதுக்குப் பேரு ‘ட்ரை டைவ்’. அதை வச்சு லிவ்அபோர்டு புக் பண்ண முடியாது. ஓப்பன் வாட்டர் சர்டிபிகேட்டுக்கு ஆழ வரம்பு 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30 மீட்டர். மாலத்தீவுல நீரோட்டம் பலமா இருக்கற கால்வாய்கள் வழியா போற படகுகள் பெரும்பாலும் அட்வான்ஸ்டு சர்டிபிகேட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கை டைவ் அனுபவமும் கேப்பாங்க. அந்த முன்செலவையும் பட்ஜெட்ல எழுதுங்க.

அப்போ படகு எப்போ சரி?

விகிதம் திரும்பும்போது. அஞ்சுல நாலு பேர் டைவ் பண்றாங்க, ஒருத்தர் மட்டும் இல்லன்னா லிவ்அபோர்டு சரியான முடிவுதான். அந்த ஒருத்தருக்கும் போர் அடிக்காது. மாலத்தீவுல டைவிங் சிலிண்டர், கம்ப்ரஸர் சத்தம் எல்லாம் பெரும்பாலும் தனியா ஒரு படகுல இருக்கும். அதுக்குப் பேரே தோணி, நம்ம தோணிதான்! டைவர்ஸ் அதுல ஏறிப் போயிடுவாங்க, பெரிய படகுல இருக்கறவங்க நிம்மதியா இருக்கலாம். மணல்திட்டு, ஸ்நார்க்கலிங், மனிதர் இல்லாத தீவுல ராத்திரி சாப்பாடுன்னு நேரம் போயிடும்.

இன்னொரு வழி, பாய்மரப் படகையே மொத்தமா வாடகைக்கு எடுக்கறது. லங்காவி, புக்கெட், செஷல்ஸ்ல கேட்டமரான்னு சொல்ற இரட்டை உடல் படகுகள் கேப்டனோட கிடைக்கும். இங்க காசு தலைக்கு இல்ல, படகுக்கு. அதனால டைவ் பண்ணாதவங்க வந்தா விலை ஏறாது. டைவ் பண்றவங்களை உள்ளூர் டைவிங் கடையோட படகு நடுக்கடல்லயே வந்து கூட்டிட்டுப் போய் திரும்ப விட்டுடும், டைவுக்கு மட்டும் தனியா காசு. கலப்புக் குடும்பத்துக்கு உண்மையில பொருந்தற அமைப்பு இதுதான்னு எனக்குத் தோணுது. ஆனா ஒரே குடும்பம் எடுத்தா கட்டுப்படி ஆகாது. அண்ணன் தம்பி ரெண்டு குடும்பம் சேர்ந்து எட்டு பேர் வந்தா யோசிக்கலாம். இரட்டை உடல் படகு ஆட்டமும் கம்மி, அம்மாவுக்கு வாந்தி பயம் இருந்தா இது முக்கியம்.

வரியும் சேமிப்பும்

வெளிநாட்டு டூர் பேக்கேஜை இந்திய ஏஜென்ட் வழியா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20%ன்னு இருந்தது. 2026 பட்ஜெட்ல ஒரே விகிதமா 2%ன்னு அறிவிச்சாங்க. இது செலவு இல்ல, உங்க வருமான வரிக்கு முன்பணம். ரீஃபண்டுக்காக அடுத்த வருஷம் வரை காத்திருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபர்ல இருந்து இந்தத் தொகையை கம்பெனிக்குத் தெரிவிச்சு மாசச் சம்பளத்துல டிடிஎஸ்ஸைக் குறைச்சுக்க வழி இருக்கு. எந்தப் படிவம்னு எச்ஆர் கிட்ட கேளுங்க. பேக்கேஜ் யார் பேர்ல பில் ஆகுதோ அவங்க பான் கணக்குலதான் வரும். அதனால வரி கட்டாத அப்பா பேர்ல பில் போடாதீங்க.

அந்தமானுக்கு இன்னொரு லாபம், எல்டிஏ. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான் அது, பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான். நாலு வருஷ பிளாக்ல ரெண்டு தடவை, அதுவும் டிக்கெட் காசுக்கு மட்டும். ஹோட்டலோ டைவிங்கோ வராது. அப்பா அம்மா டிக்கெட்டைச் சேர்க்கணும்னா அவங்க உங்களை நம்பி இருக்கறவங்களா இருக்கணும். தறி இன்னும் ஓடுது, அப்பாவுக்கு தனி வருமானம் இருக்குன்னா அங்க கவனம்.

₹3,26,000ஐ 18 மாசத்துல சேக்க மாசம் சுமார் ₹18,100. அண்ணனும் தங்கச்சியும் பாதிப்பாதி போட்டா தலைக்கு ₹9,000 சொச்சம். ஆர்டியோ லிக்விட் ஃபண்டோ போதும், ஒன்றரை வருஷத்துல வேணுங்கற காசை ஈக்விட்டி எஸ்ஐபியில போடாதீங்க. அதுவே ₹10,82,800க்கு 14% வட்டியில மூணு வருஷ பெர்சனல் லோன் எடுத்தா மாச இஎம்ஐ சுமார் ₹37,000, வட்டி மட்டும் ரெண்டரை லட்சம். முகூர்த்த சீசனுக்கு முன்னாடி பட்டுநூல், ஜரிகைக்கு அப்பா உங்க கிட்ட கைமாத்து கேக்கற மாசத்துலயும் அந்த இஎம்ஐ நிக்காது.

அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி

தேதியை கடலும் ஊரும் சேர்ந்து முடிவு பண்ணும். அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் நல்ல மாசங்கள் கிட்டத்தட்ட ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வரதர் பிரம்மோற்சவம் வைகாசியில, அது சீசனுக்கு வெளியே போயிடும். ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரம் மட்டும் நடுவுல வரும். அம்மா அந்த நாள்ல ஊரை விட்டு வர மாட்டாங்க, டிக்கெட் போட்டுட்டு மாத்தினா அபராதம் உங்களுக்குத்தான்.

சாதாரண டிராவல் இன்சூரன்ஸ்ல ஸ்கூபா பல சமயம் விலக்குப் பட்டியல்ல இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் தேடிப் படிங்க. டைவர்ஸுக்கு டான்ங்கற அமைப்பு மாதிரி தனி டைவிங் காப்பீடு தர்றவங்க இருக்காங்க. டிகம்ப்ரஷன் பாதிப்பு வந்தா ரீகம்ப்ரஷன் சேம்பர் வேணும். அந்தமான்ல அது ஸ்ரீ விஜய புரத்துல கடற்படையோட தன்வந்திரி மருத்துவமனையில இருக்கு, மாலத்தீவுல பண்டோஸ் தீவுல. உங்க படகு போற இடத்துல இருந்து அங்க எவ்வளவு நேரம்னு ஆபரேட்டர் கிட்ட கேளுங்க. அப்பாவுக்கு பிபி, சுகர் இருந்தா டைவிங்கை விட இந்தக் கேள்விதான் முக்கியம், பல படகுகள்ல டாக்டர் இருக்க மாட்டார்.

அப்புறம் திரும்பற விமானம். பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணவங்க கடைசி டைவுக்கு அப்புறம் குறைஞ்சது 18 மணி நேரம் பறக்கக் கூடாதுன்னு டான் சொல்லுது, நான் 24ன்னே வச்சுக்கச் சொல்வேன். அதனால கடைசி நாள் டைவ் கிடையாது. அந்தமான்ல அந்த நாளை அப்பா அம்மாவுக்குக் குடுத்துடுங்க: செல்லுலார் சிறை, சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி, நடுவுல ஒரு நல்ல சாப்பாடு. டிக்கெட்டை அடுத்த நாள் காலையில போடுங்க.