நைந்துபோன நரம்பு: குற்றவாளி சூடா, ஒளியா?

மாணவர்களே, தூண்டில் நரம்பு வாங்கும்போது அதன் உறையைக் கவனித்ததுண்டா? ‘10 பவுண்டு’ என்று அச்சிட்டிருந்தால் அந்த நரம்பு ஏறத்தாழ 4.5 கிலோகிராம் பளுவைத் தாங்கும் என்று பொருள். ஆனால் ஓராண்டு பழைய நரம்பில் 2 கிலோ எடையுள்ள சியாகாப் மீன் ஒன்று மாட்டித் திமிறியதும், நரம்பு பட்டென்று அறுந்துவிடுகிறது. மீன் தப்பிவிட்டது. அதன் வாயில் தூண்டில் முள்ளும், அதன் பின்னால் சில மீட்டர் நரம்பும் இழுபட்டுப் போகின்றன.

திமிறும் மீன் தன் எடையைவிட அதிக விசையுடன் இழுக்கும் என்பது உண்மைதான். ஆயினும் கோல் வளைந்தும், ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தும் அந்த விசையைத் தணிக்கின்றன. போன ஆண்டு இதே நரம்பு இதைவிடப் பெரிய மீனைக் கரை சேர்த்திருக்கிறது. பாறையில் உரசிய தடமும் இல்லை. பார்க்க அன்று போலவே இருக்கும் நரம்பு ஏன் இன்று வலுவிழந்தது?

“வெயிலில் கிடந்து கெட்டுப்போய்விட்டது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் வெயில் என்பதில் இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன: ஒன்று சூடு, மற்றொன்று ஒளி. இரண்டும் நரம்பைத் தாக்குகின்றன. ஆனால் ஒரே மாதிரி அல்ல. இந்த வேறுபாடு புரிந்தால்தான் தூண்டிலைச் சரியாகப் பாதுகாக்க முடியும்.

நரம்புக்குள் என்ன இருக்கிறது?

தங்சி என்று நாம் கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் நைலான் நரம்புதான். நைலானை 1935இல் அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அது ஒரு பாலிமர். அதாவது, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து உருவான நீண்ட சங்கிலி. படிவம் 5 வேதியியலில் இதை விரிவாகப் படிப்பீர்கள்.

ஒரு தட்டு மீயை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான இழைகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், ஒன்றைத் தூக்கினால் மற்றவையும் சேர்ந்து வரும். அதையே கரண்டியால் துண்டு துண்டாக வெட்டிவிட்டால்? தூக்கியதும் உதிர்ந்துவிடும். மீயின் அளவு குறையவில்லை, நீளம்தான் குறைந்தது. நைலானின் வலிமையும் அப்படித்தான். சங்கிலிகள் நீளமாக இருப்பதாலும், பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்துக்கொள்வதாலும் நரம்பு பளுவைத் தாங்குகிறது.

சூடு செய்யும் வேலை

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை வெளியைவிட ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் உயரக்கூடும். நம் நாட்டின் 33 பாகைப் பகலில் அது 50 பாகையைத் தாண்டிவிடும். இதனால் நைலான் உருகிவிடாது. நைலான் வகைகள் உருகுவதற்கு இதைவிட மிக அதிகமான வெப்பநிலை வேண்டும்.

ஆனால் உருகுவதற்கு வெகு முன்னரே வேறொரு மாற்றம் நடக்கிறது. காய்ந்த நைலானில், ஏறத்தாழ 50 பாகையை ஒட்டி, இறுகிக் கிடந்த சங்கிலிப் பகுதிகள் நெளிந்து நகரத் தொடங்குகின்றன. நரம்பு இளகுகிறது. அப்போது அது ரீலில் சுருண்டிருந்தால், அந்தச் சுருள் வடிவத்துக்கே சங்கிலிகள் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. மாலையில் கார் குளிர்ந்ததும் அதே வடிவத்தில் இறுகிவிடுகின்றன. மறுநாள் தூண்டிலை வீசினால் நரம்பு நேராகப் போகாமல் சுருள் சுருளாக வருவது இதனால்தான். சுருள்கள் சிக்கி முடிச்சாகும். முடிச்சு விழுந்த இடம் பலவீனமாகும்.

சூடு இன்னொன்றும் செய்கிறது. நைலான் தண்ணீரை உறிஞ்சும். முழுதாக ஊறினால் தன் எடையில் 8 முதல் 10 விழுக்காடு வரை. இந்த ஈரம்தான் நரம்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. சூட்டில் ஈரம் வெளியேற, நரம்பு விறைப்பாகிறது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். நரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக இழுத்துவிட்டால் சுருளும் விறைப்பும் குறையும். சங்கிலிகள் இடம்தான் மாறின, அறுபடவில்லை.

ஒளி செய்யும் வேலை

ஒளி அப்படியல்ல. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றில் தரையை அடைபவை சுமார் 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவை. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வோர் ஒளித்துகளின் சக்தியும் கூடும். இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்:

1000 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர்: ஒரு மோலுக்கு ஏறத்தாழ 120 கிலோஜூல்
350 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்: ஏறத்தாழ 340 கிலோஜூல்
300 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்: ஏறத்தாழ 400 கிலோஜூல்

நைலான் சங்கிலியில் கார்பனும் நைட்ரஜனும் இணையும் பிணைப்பை உடைக்கச் சராசரியாக 305 கிலோஜூலும், கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க 347 கிலோஜூலும் தேவை. தேங்காயின் மீது ஆயிரம் பஞ்சு உருண்டைகளை எறிந்தாலும் அது உடையாது. ஒரே ஓர் அரிவாள் வெட்டு போதும். அகச்சிவப்புக் கதிர் பஞ்சு உருண்டை. அது நரம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். புற ஊதாக் கதிர் அரிவாள். விழும் கதிர் எல்லாமே பிணைப்பை உடைப்பதில்லை. ஆனால் உடைந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வதால், அறுந்த சங்கிலி மீண்டும் பழையபடி இணைய முடிவதில்லை. தண்ணீரில் ஊறவைத்தாலும் பயனில்லை.

இந்தச் சேதம் நரம்பின் மேற்பரப்பில் தொடங்கி நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது. அதனால் மெல்லிய நரம்புக்கே ஆபத்து அதிகம். 0.4 மில்லிமீட்டர் நரம்போடு ஒப்பிட்டால், 0.2 மில்லிமீட்டர் நரம்புக்குக் கன அளவோடு ஒப்பிடும் மேற்பரப்பு இரண்டு மடங்கு. கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். பொதுவாக, வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒளி தொடங்கிவைக்கும் வினையைச் சூடு விரைவுபடுத்துகிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ‘4 பவுண்டு’ நைலான் நரம்புச் சுருள் ஒன்று வாங்கி, ஒரே சுருளிலிருந்து 1 மீட்டர் நீளத்தில் 15 துண்டுகள் வெட்டுங்கள். ஐந்தைந்தாகப் பிரியுங்கள்.

அ. ஐந்தை அட்டையில் விரித்து, நேரடி வெயிலில் வையுங்கள். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.
ஆ. ஐந்தைத் தடித்த கறுப்பு அட்டை உறைக்குள் ஒளி புகாமல் வைத்து, அதே வெயிலில் வையுங்கள்.
இ. ஐந்தை அலமாரிக்குள் வையுங்கள்.

மழை வந்தால் அ, ஆ இரண்டையும் உள்ளே எடுத்துவிடுங்கள். எட்டு வாரங்களுக்குப் பின் சோதனை. நரம்பின் ஒரு முனையை உறுதியான கம்பியில் ஆறு சுற்றுச் சுற்றி முடிந்து, மறுமுனையில் எடை பார்த்த சிறு வாளியைக் கட்டுங்கள். அறுந்துபோகும்வரை அளவுக் குவளையால் 100 மில்லிலிட்டர் தண்ணீராக ஊற்றிக்கொண்டே வாருங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோகிராம். வாளி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இங்கே தற்சார்பு மாறி, நரம்பு வைக்கப்பட்ட நிலை. சார்பு மாறி, அறுந்தபோது இருந்த பளு. ஒரே சுருள், ஒரே நீளம், ஒரே முடிச்சு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். கறுப்பு உறை எதற்கு? கறுப்பு நிறம் வெயிலை ஈர்ப்பதால் ஆ நரம்பு அ நரம்பைவிடக் குறைவாகச் சூடாக வாய்ப்பில்லை. அப்படியும் ஆ அதிகப் பளுவைத் தாங்கினால், முதல் குற்றவாளி ஒளிதான் என்று துணிந்து சொல்லலாம்.

தூண்டிலை எப்படிப் பாதுகாப்பது?

இப்போது காரணம் தெரிந்துவிட்டது, வழி எளிது. தூண்டிலைக் காரில் விட்டுவைக்காதீர்கள். பின்பெட்டியில் ஒளி படாது, ஆனால் சூடு உண்டு. பின் இருக்கையில் இரண்டும் உண்டு. வீட்டு வாசலிலும் மாடத்திலும் சாத்தி வைப்பதைவிட அலமாரி நல்லது. இடமில்லை என்றால் ரீலுக்கு ஒரு தடித்த துணிப்பை போதும்.

கடலில் மீன்பிடித்துத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நம் நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல. பெரும்பாலும் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். “மதியம் தாண்டிவிட்டதே” என்று வெயிலில் காயவைத்தால், புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரத்தில்தான் காயும்.

ரப்பர் போன்ற மென்மையான செயற்கை இரைகளை அவை வந்த பையிலேயே வையுங்கள். அவற்றை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற வேதிப்பொருள் சூட்டில் வேகமாகக் கசிந்து, சில வகைப் பிளாஸ்டிக் பெட்டிகளையே இளக்கி ஒட்டவைத்துவிடும். ரீலுக்குள் இருக்கும் கிரீஸும் சூட்டில் இளகி, எண்ணெய் பிரிந்து வடியும்.

ரீலில் வெயில் படுவது மேல் அடுக்கில்தான். உள்ளே இருக்கும் நரம்பு அதன் நிழலில் இருக்கிறது. எனவே தூண்டில் வீசும் முன் முதல் சில மீட்டரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு, வெளிறிய நிறம், இழுத்ததும் அறுதல் ஆகியவை தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். கடையிலும் கண்ணாடி ஓரத்தில் வெயில் படும்படி மாட்டிவைத்த சுருளைத் தவிர்த்து, உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டியதை எங்கே போடுவது?

“வெயில்தான் நைலானைச் சிதைக்குமே, தண்ணீரில் எறிந்தால் அதுவே அழிந்துவிடாதா?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தண்ணீருக்கடியிலும் சேற்றுக்குள்ளும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு, சூடும் குறைவு. ரீலில் ஓராண்டில் நைந்துபோகும் நரம்பு, சதுப்புநில வேர்களுக்கிடையே சிக்கினால் பல்லாண்டு அப்படியே கிடக்கும். மீனைப் பிடிக்க வலுவில்லாத நரம்புக்கு மீன்கொத்தியின் இறக்கையையோ கொக்கின் காலையோ சுற்றி இறுக்கும் வலு மிச்சமிருக்கும். சிதைந்தாலும் அது மறைவதில்லை. நுண்பிளாஸ்டிக் துகள்களாக மாறுகிறது.

நைந்த நரம்பு அறுந்தால் நமக்கு ஒரு மீன்தான் நட்டம். தண்ணீரில் விட்டுவந்த முள்ளும் நரம்பும் வேறோர் உயிருக்கு வலையாகும். ஆகவே பழைய நரம்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு காலி பாட்டிலில் அடைத்து, மூடி, குப்பைத் தொட்டியில் போடுங்கள். அடுத்த முறை மீன்பிடிக்கப் போகும்போது, இரைப் பெட்டியோடு ஒரு காலி பாட்டிலும் இருக்கட்டும்.