ஓடிய கால்களை நீவிவிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதன்முதலாகப் பத்து கிலோமீட்டர் ஓடிய மறுநாள் காலை, மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். பார்த்த பெரியம்மா, "உட்காருடா, காலைக் காட்டு" என்றார். முந்தைய இரவே கட்டைவிரலால் பலங்கொண்ட மட்டும் அமுக்கி, ஆடுசதையை இன்னும் புண்ணாக்கி வைத்திருந்தேன். அவர் கையில் அமுக்கலே இல்லை. கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை மெதுவாக நீவிக்கொண்டே போனார். கால் மணி நேரத்தில் கால் என் வசம் வந்தது.

"வலிக்க வலிக்க அமுக்கினால்தான் கட்டு உடையும்" என்று மைதானத்தில் பலரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். வலி அதிகமானால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். புதிதாக ஓடத் தொடங்கியவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய முறையைக் கீழே சொல்கிறேன்.

எந்த வலி என்று முதலில் பாருங்கள்

பழக்கமில்லாத ஓட்டத்தால் வரும் வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருவது என்பார்கள். அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய வடிந்துவிடும். தசை இழைகளில் உண்டான நுண்ணிய சேதமும் அதையொட்டிய அழற்சியுமே வலிக்குக் காரணம். சரிவில் இறங்கி ஓடினால் இந்த வலி அதிகம். நீவிவிட்டால் வலியும் இறுக்கமும் குறையும். தசை ஆறுவதற்கு அதற்குரிய நாட்களைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எப்போது கை வைக்கக் கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீண்ட பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு என்றால் இன்னும் கவனம் தேவை. தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஓடும்போது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல 'டப்' என்று தெறித்தால், தசைநார் அறுந்திருக்க வாய்ப்புண்டு. புதுச் சுளுக்கு என்றால் இரண்டு மூன்று நாள் தேய்க்காதீர்கள். முன்னங்கால் எலும்பில் விரல் வைத்த ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்தால் எலும்பு விரிசலா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், நரம்புச் சுருட்டு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்கலாம்.

படி 1: எண்ணெயும் இடமும்

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் சரி. எண்ணெயின் வேலை கை வழுக்கிக்கொண்டு போவதுதான். நேராக அடுப்பில் வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். கீழே பழைய துண்டு விரியுங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு எழுந்தால் வழுக்கும்.

படி 2: ஆடுசதை

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஆடுசதையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் உண்டு. முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்து தொங்கும். அடியிலுள்ள தசைக்கும் கை எட்டும்.

இரண்டு உள்ளங்கையாலும் காலைச் சுற்றிப் பிடித்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவுங்கள். திரும்பும்போது கை தோலை லேசாகத் தொட்டு வந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் சதை இளகுவது கைக்கே தெரியும். அதற்குப் பிறகு, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் சதையை எலும்பிலிருந்து சற்றே தூக்கிப் பிசையுங்கள். நடுவில் கயிறுபோல ஓரிடம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலை வைத்து, மூச்சை மெதுவாக விட்டபடி 20, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் பல்லைக் கடித்தாலோ மூச்சைப் பிடித்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள்.

முழங்காலுக்குப் பின்னாலுள்ள குழியை மட்டும் அழுத்தாதீர்கள். முக்கிய ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாக ஓடுகின்றன. கடைசியில் மறுபடி நீவி முடியுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

படி 3: பாதம்

எண்ணெயைத் துடைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, டென்னிஸ் பந்தைக் காலடியில் போட்டு, குதிகாலிலிருந்து விரல்கள் வரை இரண்டு நிமிடம் உருட்டுங்கள்.

படி 4: இன்னொருவர் செய்தால்

குப்புறப் படுத்து, கணுக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகளைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வது நம் வீடுகளில் பழக்கம், அவர்களுக்கும் கொண்டாட்டம். தசை புண்ணாக இருக்கும் நாளில் மட்டும் அது வேண்டாம்.

அதற்குப் பிறகு

ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டு, வெந்நீரில் குளித்து, சீக்கிரம் படுத்துவிடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் வலி போகவில்லை, நொண்டி நடக்கிறீர்கள் என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எவ்வளவு தூரம், எந்தக் காலணி, எப்போது வலித்தது என்றெல்லாம் அவர் கேட்பார். ஓடிய தூரத்தையும் வலி தொடங்கிய நாளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.