மெதுவாக வளரும் பிள்ளைக்குப் படிப்பித்தல்



சில பிள்ளைகள் ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்காராது. ஒன்றரை வயதிலும் நடக்காது. இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாது. பிள்ளை பிறந்ததும் தருகிற சுகாதாரப் பதிவேட்டில், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம், இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்கு. நிறை பார்க்கிற நாளில் மட்டும் அதைத் திறந்தால் போதாது. பிள்ளை பிந்துகிறது என்று கண்டால் மருத்துவிச்சியிடம் சொல்லி, டாக்டரிடம் காட்டி, காதையும் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். காது கேளாத பிள்ளையை ‘மந்தம்’ என்று மூலையில் வைத்த வீடுகளும் உண்டு.

அதற்குப் பிறகு யார் படிப்பிப்பது? நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிச் சரவணைக்காரன். 2004இல் சிவபூமி அறக்கட்டளை இப்படியான பிள்ளைகளுக்கென்று கோண்டாவிலில் ஒரு பாடசாலை தொடங்கியது. சரவணையிலிருந்து அங்கே போக பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணம் போய், அதற்கும் அப்பால் போகவேணும். மூன்று வயதுப் பிள்ளையோடு கூலிவேலைக்காரி தினமும் போவாளா? தோட்டத்திலும் இதே கதைதான். நுவரெலியாவில் மென்கபெப் நிலையம் 1988இல் தொடங்கினது. மேல்கணக்கு லயத்திலிருந்து எத்தனை பேர் போய்வரலாம்?

அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துக் கிராமங்களிலும் இந்தத் தூரப் பிரச்சினை இருந்தது. அங்கே போட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு வழி கண்டார்கள். ஆசிரியர் வாரம் ஒருதரம் வீட்டுக்கே போவார். தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார், தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு வாரத்துக்குச் சின்னச் சின்ன வேலைகள்தான்.

காற்சட்டை போடுவதை எடுங்கள். காலை நுழைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடைக்கு ஏற்றி, இடுப்பு வரை நீங்களே கொண்டுவாருங்கள். கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். முடித்தவன் அவன்தானே, உடனே மெச்சுங்கள். அது பழகினபிறகு தொடையிலிருந்து, அப்புறம் முழங்காலிலிருந்து. காலையில் பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அம்மாவே போட்டுவிடுவதுதான் சுகம், எனக்கும் தெரியும். அப்படியென்றால் பின்னேரம் பழக்குங்கள்.

ஊரில் என் மச்சாள் முன்பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் பழக்கினாள். ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது வாரம் அவன் தானே இழுத்துவிட்டு, சட்டையைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினானாம். “மற்றப் பிள்ளையள் எப்ப படிச்சுதுகள் எண்டே எனக்குத் தெரியாது. இவன் படிச்ச ஒவ்வொரு படியையும் நான் கண்டனான்” என்றாள். இந்த வேலையின் கூலி அதுதான் என்பது என் எண்ணம். பிள்ளையைச் சுகமாக்கிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். சில பிள்ளைகள் எழுத்துக்கே வரமாட்டார்கள். ஆனாலும் தானாகச் சாப்பிடவும் கக்கூசுக்குப் போகவும் பழகின பிள்ளையை நம்பித்தான் தாய் கொழுந்துக்குப் போகலாம்.

பிள்ளைக்காம்பராவில் ஒரு சீ.ஆர். கொப்பி வையுங்கள். திகதி, இந்த வாரத்து வேலை, உதவியோடு செய்தானா, தனியாகச் செய்தானா. நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். மாதம் ஒருதரம் தாயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள்.