பனிமலை ஏறுமுன் கடிகாரத்தைப் பார்



கேதார்நாத் போகணும், துங்கநாத் பார்க்கணும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும் கோயில், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறக்கும். “வெயில் வந்தாச்சு, இனி பனியால ஆபத்து இல்லை”ன்னு நாம நினைப்போம். ஆனால் 2023 மே மாதத் தொடக்கத்தில், நடைபாதையில் பனி சரிந்து யாத்திரையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வசந்த காலத்திலும் பனி சரியும். அது ஏன், எப்போது என்பதுதான் இந்தப் பாடம்.

பனி ஏன் சரிகிறது?

ஐஸ் கச்சாங் மேல சிரப் ஊற்றும்போது கவனிச்சிருக்கீங்களா? குவியலாக நின்ற ஐஸ் நனைந்ததும் பொலபொலவென்று சரியும். மலையிலும் இதேதான். பகல் வெயிலில் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பனித்துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிடிப்பு தளர்கிறது. சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை உள்ள இடங்களில்தான் பெரும்பாலான சரிவுகள் தொடங்குகின்றன. ஈரப்பனி கனமானது, மெதுவாக வந்தாலும் மரத்தைச் சாய்த்துவிடும்.

இரவில் வானம் தெளிவாக இருந்தால் அதே பனி மறுபடியும் உறைந்து கல்லு மாதிரி ஆகிவிடும். அதனால் அதிகாலையில் பாதுகாப்பு அதிகம். நேரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். கிழக்குச் சரிவில் வெயில் முதலில் படும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. நம் பெரியவர்கள் பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொன்னார்கள். பனிமலையில் அந்தப் பழக்கம் உயிரையே காக்கும்: விடியுமுன் கிளம்பு, வெயில் ஏறுமுன் சரிவுகளைக் கடந்துவிடு.

ஒரு எச்சரிக்கை: இரவு மேகமூட்டமாக இருந்தாலோ மழை பெய்தாலோ பனி சரியாக உறையாது. அன்றைக்கு அதிகாலையையும் நம்ப முடியாது.

மலை தரும் அறிகுறிகள்

- கால் கணுக்காலுக்கு மேல் ஈரப்பனியில் புதைவது
- மேலிருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவது
- பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம்
- நடக்கும்போது பனி விரிசல் விடுவது, அல்லது “தும்” என்ற சத்தம்

இதில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிட வேண்டும்.

கடக்கும் முறை

முதலில் உள்ளூர் வழிகாட்டியையும் அன்றைய பனிச்சரிவு அறிவிப்பையும் கேளுங்கள். ஆபத்தான இடத்தை ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரிவுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுப்பதோ சாப்பிடுவதோ கூடாது.

யாத்திரைப் பாதையை விட்டுப் பனியில் மலையேறுபவர்கள் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி, சிறு மண்வெட்டி மூன்றையும் வைத்திருக்க வேண்டும், பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். புதைந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறக்கிறார்கள். முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. மீட்புப் படை வருமுன் காப்பாற்றக்கூடியவர், கூட வந்த நண்பர் மட்டும்தான்.

நாதுலா சொல்லும் பாடம்

2023 ஏப்ரல் 4, நண்பகல் வேளை. சிக்கிமில் நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையோரம் சுற்றுலாப் பயணிகள் மேல் பனி சரிந்து 7 பேர் இறந்தார்கள். 13-ஆவது மைல் வரைதான் அப்போது அனுமதி இருந்தது. அவர்கள் 15-ஆவது மைல் பக்கம் போயிருந்தார்கள் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். மாதம், நேரம், எல்லை மூன்றையும் பாருங்கள்.

“இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோம், சாமி காப்பாத்துவார்” என்று குழுவில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். இறைவன் காக்கிறார் என்பது நம் நம்பிக்கை. விவேகத்தைக் கொடுத்தவரும் அவர்தானே? தம்பி தங்கைகளை அழைத்துப் போகும் தலைவருக்கு அவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பதுதான் தர்மம். பாதியில் திரும்பி வந்தால் பக்தி குறைந்துவிடாது. கோயில் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

குழுவில் கலந்து பேச

1. காலை 11 மணி; கடக்க வேண்டிய சரிவில் பனி உருண்டைகள் விழுகின்றன. கோயிலுக்கு இன்னும் 2 கிலோமீட்டர்தான். நீங்கள் தலைவராக இருந்தால் என்ன செய்வீர்கள்?
2. எல்லாரும் “போகலாம்” என்கிறார்கள். ஒருவர் மட்டும் பயப்படுகிறார். அவர் பேச்சை ஏன் கேட்க வேண்டும்?